"ரெண்டு வருஷம் எங்கயும் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க அக்கா": ஒரு கோல்ஃப் கோச்சோட லெட்டரும் என் பதிலும்

வடசென்னையிலேருந்து எனக்கு வர்ற லெட்டர்ல வாடகை தகராறு, பட்டா, சீட்டுப்பணம், ஹார்பர் காண்ட்ராக்ட் சம்பளம் இதுதான் அதிகம். கோல்ஃப் பத்தி தண்டையார்பேட்டையிலேருந்து ஒரு தம்பி எழுதுனதும் ஆச்சரியமாதான் இருந்துச்சு. பேரு, எடம் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன்.

வயசு 27. அப்பா ஒரு கோல்ஃப் கிளப்புல கேடி, அதாவது ஆட்டக்காரங்க பையைத் தூக்கிட்டு கூடவே நடக்குற வேலை. இவரும் ஸ்கூல் லீவுல அப்பா கூட போய் கோல்ஃப் பால் பொறுக்க ஆரம்பிச்சு, பழைய கிளப்ப, அதாவது பால் அடிக்கிற மட்டைய வெச்சு அடிச்சுப் பழகி, இப்ப நாலு வருஷமா தெக்குப் பக்கம் ஒரு டிரைவிங் ரேஞ்சுல, அதாவது கோல்ஃப் பால் அடிச்சுப் பழகுற எடத்துல, அசிஸ்டன்ட் கோச். மெட்ரோ, அப்புறம் பஸ், காலையில அஞ்சு மணிக்கெல்லாம் வீட்ட விட்டு கிளம்புறாரு. மாசம் 18,000 ரூபாய், கிளாஸ் எடுத்தா அதுல ஒரு பங்கு. 14 மாசத்துக்கு முன்னாடி ஓனர் இவரை ஒரு கோச்சிங் கோர்ஸுக்கு அனுப்பிட்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருக்காரு. அன்னையிலேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வேலைய விட்டு நின்னா 60,000 கட்டணும், நின்ன பிறகு ரெண்டு வருஷத்துக்கு 50 கிலோமீட்டர் சுத்தி யாருக்கும் கோல்ஃப் சொல்லிக்குடுக்கக் கூடாது. தம்பிக்கு வெளிய வந்து நம்ம ஏரியா பசங்களுக்கு கம்மி காசுல கிளாஸ் ஆரம்பிக்கணும்னு ஆசை.

இது இல்லாம, போன மாசம் ஞாயித்துக்கிழமை பேட்ச்ல ஒன்பது பசங்க, கோச் இவர் ஒருத்தர்தான். 11 வயசு பையன் கீழ விழுந்த டீயை (பாலை நிக்க வெக்குற சின்னக் குச்சி) எடுக்க குனிஞ்சு முன்னாடி போயிட்டான், பக்கத்து மேட்ல (நின்னு அடிக்கிற விரிப்பு) இருந்தவன் சுத்துன கிளப் புருவத்துக்கு மேல பட்டு நாலு தையல். இப்ப ஓனர், "என் கவனக்குறைவால் நடந்தது"ன்னு எழுதிக் குடுன்னு கேக்குறாரு, பையன் வீட்டுக்கு போன் கூட பண்ணாதன்னும் சொல்லியிருக்காரு. அப்புறம் ஒரு அப்பா, டோர்னமென்ட் அன்னைக்கு தன் பொண்ணுக்கு கை நடுங்காம இருக்க ஒரு மாத்திரை குடுக்குறாரு. கடைசியா, கிரிப், அதாவது கிளப்ப புடிக்கிற விதத்தை சரி பண்ண கையத் தொட்டதுக்கு ஒரு அம்மா மூஞ்ச சுளிச்சாங்க, போக்சோ வந்துடுமோன்னு ராத்திரி தூக்கம் இல்லன்னு எழுதியிருக்காரு.

தம்பி, உங்க லெட்டர்ல முக்கால்வாசி அந்த பேப்பரைப் பத்தின பயம். பையனுக்கு அடிபட்டது அஞ்சாறு வரி, மாத்திரை விஷயம் ரெண்டே வரி. நான் ஒரு வக்கீலா உங்க லெட்டரைப் படிச்சா எனக்கு இது தலைகீழா தெரியுது. நீங்க எதுக்கு நடுங்குறீங்களோ அது உங்களை பெருசா கட்டாது, போற போக்குல எழுதியிருக்கீங்களே அந்த ரெண்டும் எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாமலே உங்களைக் கட்டும். ஏன்னா சம்பளம் ஓனர் குடுத்தாலும், கோச்சுக்கு பொறுப்புன்னு வர்றப்ப அது எதிர்ல நிக்கிற புள்ள கிட்டதான்.

அந்த பேப்பர்

முதல்ல 50 கிலோமீட்டர் கதை. 1872-ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 27-வது பிரிவு, ஒருத்தர் சட்டப்படி செய்யுற தொழிலை செய்யாத மாதிரி தடுக்குற ஒப்பந்தம் அந்த அளவுக்கு செல்லாதுன்னு சொல்லுது. வியாபாரத்தை அதோட நல்ல பேரோட சேத்து வித்தவங்களுக்குதான் விதிவிலக்கு, நீங்க எதையும் விக்கல. அதனால வேலைய விட்ட பிறகு தண்டையார்பேட்டையில என்ன, அந்த ரேஞ்சுக்கு எதிர் தெருவுலயே கூட நீங்க சொல்லிக்குடுக்கலாம்.

ஆனா இதை வெச்சு சம்பளம் வாங்கிட்டே சாயங்காலம் தனியா கிளாஸ் எடுக்காதீங்க. வேலையில இருக்குற வரைக்கும் வேற எங்கயும் பண்ணாதன்னு சொல்றத கோர்ட்டு பொதுவா ஏத்துக்கும். அதே மாதிரி ரேஞ்சோட ரெஜிஸ்டர போட்டோ எடுத்து பேரண்ட்ஸ் நம்பரை எல்லாம் ஏத்திக்கிட்டு வந்துடாதீங்க. அவங்களா உங்களைத் தேடி வந்தா அது அவங்க இஷ்டம், நீங்க லிஸ்ட் போட்டு கூப்பிட்டா அது உங்க மேல கேஸ் போட ஒரு வழி.

60,000 ரூபாய் வேற மாதிரி, இத்தனை நாள் வேலை செய்யணும், இல்லன்னா பணம் கட்டணும்னு எழுதி வாங்குற பாண்ட் அது. "பாண்டே செல்லாது, தூக்கிப் போடு"ன்னு யாரோ சொன்னதா எழுதியிருக்கீங்க, அது சரியில்ல. 2025 மே மாசம் விஜயா பேங்க் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு மூணு வருஷம் வேலை செய்யணும், இல்லன்னா 2 லட்சம்ங்குற பாண்ட செல்லும்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. அது பொதுத்துறை பேங்க், ஆள் எடுக்குற செலவு, முறை எல்லாம் பாத்து சொன்னது, உங்க ரேஞ்சுக்கு அப்படியே பொருந்தும்னு இல்ல, ஆனா பாண்ட்னாலே குப்பைன்னு நெனைக்காதீங்கன்னு சொல்றேன். அதே ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி பேப்பர்ல எழுதுன தொகைதான் உச்சம், அதுக்குள்ள நியாயமான நஷ்டம் எவ்ளோவோ அதுதான் கிடைக்கும். அதனால கோர்ஸுக்கு உண்மையில கட்டுன ரசீதைக் கேளுங்க, எழுத்துல கேளுங்க. 24 மாசத்துல 14 மாசம் உழைச்சு முடிச்சாச்சு, மிச்சம் பத்து மாசத்துக்கு என்ன விகிதமோ அதைக் கட்டுறேன், தவணையா கட்டுறேன்னு ஒரு லெட்டர் குடுங்க. பாதி எடத்துல இதோட முடிஞ்சுடும்.

இன்னொன்னு. மாசாமாசம் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது காசு குடுக்கும்போதே வருமானவரி, புடிக்கிறாங்கன்னு சொல்றீங்க. 2008-லயே வருமானவரித் துறை ஸ்போர்ட்ஸ் கோச்சோட ஃபீஸை தொழில்முறை ஃபீஸா அறிவிச்சிருச்சு, அந்த வகையிலதான் இந்த பத்து சதவீதம். அப்ப கணக்குல நீங்க வெளி ஆளு. ஆனா அட்டெண்டன்ஸ், யூனிஃபார்ம், லீவுக்கு பர்மிஷன், பாண்ட் எல்லாம் எம்ப்ளாயி மாதிரி. பிஎஃப் கேட்டா கன்சல்டன்ட், ஞாயித்துக்கிழமை லீவு கேட்டா ஸ்டாஃப், நல்லா இருக்கே! புடிச்ச டிடிஎஸ் உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கான்னு இன்கம்டாக்ஸ் சைட்ல பாருங்க, ரிட்டர்ன் போட்டா உங்க வருமானத்துக்கு அது பெரும்பாலும் திரும்பி வரும். பாண்ட் பத்தி பேச உக்காரும்போது இந்த விஷயமும் மேஜை மேல இருக்கட்டும்.

பையனுக்கு அடிபட்டது

இதுல ரெண்டு விஷயத்தை நீங்க தப்பா புரிஞ்சு வெச்சிருக்கீங்க.

ஒண்ணு, "சேரும்போதே எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லைன்னு பேரண்ட்ஸ் கையெழுத்து போட்டாங்க." அந்த ஃபார்ம், விளையாட்டுன்னா அடிபட வாய்ப்பு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்ங்குறதுக்கு ஒரு ஆதாரம், அவ்ளோதான். கவனிக்காம விட்டா கூட கேக்க மாட்டேன்னு யாரும் எழுதிக் குடுத்துட முடியாது, அதுவும் புள்ளையோட உரிமைய அப்பா அம்மா கையெழுத்து அழிச்சுடாது. சொல்லப்போனா 1963 காலவரையறைச் சட்டம் 6-வது பிரிவுப்படி அந்தப் பையனுக்கு 18 ஆன பிறகுதான் அவனுக்கு கெடுவே ஓட ஆரம்பிக்கும். பேரண்ட்ஸ் ஃபீஸ் கட்டி சேத்திருக்காங்க, அதனால நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இதெல்லாம் உங்களை மெரட்ட சொல்லல, ஃபார்ம் இருக்குன்னு சாஞ்சு உக்காராதீங்கன்னுதான்.

ரெண்டு, "நான் சம்பளத்துக்கு வேலை செய்யுறவன், ஓனர்தான் பொறுப்பு." பாதி சரி. வேலை நேரத்துல வேலைக்காரர் பண்ண தப்புக்கு முதலாளி நஷ்டஈடு குடுக்கணும், ஆனா அதனால நீங்க விலகிட்டதா ஆகாது, ரெண்டு பேரையும் சேத்தே கேக்கலாம். கிரிமினல் பக்கம் பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவுல அசட்டையா நடந்து ஒருத்தருக்கு காயம் ஆனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்கு. நாலு தையலுக்கு யாரும் உங்களை உடனே உள்ள தள்ளப்போறதில்ல, ஆனா "என் கவனக்குறைவால்"ங்குற ரெண்டு வார்த்தை உங்க கையெழுத்துல இருந்தா அது நேரா அந்தப் பிரிவோட வாசகத்துக்குள்ள போய் உக்காந்துக்கும்.

அதனால ஓனர் கேக்குற அந்த லெட்டர குடுக்கவே குடுக்காதீங்க. அதுக்காக எதுவுமே எழுத மாட்டேன்னும் நிக்காதீங்க. என்ன நடந்துச்சோ அதை மட்டும் எழுதுங்க: தேதி, மணி, எத்தனை பசங்க, யார் எந்த மேட்ல, மேட்டுக்கு மேட்டு எவ்ளோ இடைவெளி, நீங்க எங்க நின்னீங்க, அடிபட்டதும் என்ன பண்ணீங்க, எந்த ஆஸ்பத்திரி. யார் மேல தப்புன்னு அதுல தீர்ப்பு சொல்லாதீங்க. ஒரு காப்பி உங்க கிட்ட இருக்கட்டும். ஆஸ்பத்திரியில ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேடு) போட்டிருந்தா அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கங்க. அப்புறம் ஒன்பது பசங்களை ஒருத்தனால பாக்க முடியாதுன்னு மேனேஜருக்கு முன்னாடியே வாட்ஸ்அப் போட்டதா எழுதியிருக்கீங்களே, லெட்டர்லயே எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட வரி அதுதான். அதை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டோமேன்னு போனை மாத்தி எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடாதீங்க, எலெக்ட்ரானிக் சாட்சியத்துக்கு சர்டிஃபிகேட் குடுக்கணும், அசல் போன் கையில இருந்தா அது சுலபம்.

இது கேஸுக்கு சொன்னது. இனிமே நடக்காம இருக்க என்ன பண்ணுவீங்கங்குறதுதான் எனக்கு பெரிய கேள்வி. கோல்ஃப்னா எல்லாரும் பாலைப் பாத்துதான் பயப்படுவாங்க. பால் 45.93 கிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ரூல், ஒரு அயர்ன் கிளப்போட தலை மட்டும் கால் கிலோ பக்கம் இருக்கும், அது ஒரு சின்னப் பையன் கையில முழு வேகத்துல பின்னாடி போய் முன்னாடி வருது. சின்னப் பசங்க கூட்டத்துல பயப்பட வேண்டியது அதுக்குதான். அதனால சொல்லிக்குடுக்குற முதல் பாடம் ஸ்விங் (கிளப்ப சுத்தி அடிக்கிறது) இல்ல, எங்க நிக்கணும்ங்குறது. தரையில கோடு போடுங்க, கோச் சொல்லாம யாரும் கிளப்பத் தூக்கக் கூடாது, டீயோ பாலோ முன்னாடி விழுந்தா விழுந்ததுதான், எல்லாரும் கிளப்ப கீழ வெச்ச பிறகுதான் எடுக்கணும். சமாளிக்க முடியாத எண்ணிக்கைய குடுத்தா எழுத்துல மறுக்கணும். இடி மின்னல்னா, அடிச்சு முடிச்சுட்டுப் போலாம்னு பேரண்ட்ஸ் கெஞ்சுனாலும் நிறுத்தணும், திறந்த வெளியில கையில இரும்பு வெச்சிருக்குற ஆட்டம் இது. அக்னி நட்சத்திர வெயில்ல பத்து மணிக்கு மேல பேட்ச் போடுறதும் எனக்கு அசட்டைதான், ரேஞ்சுல கொட்டாய் இருந்தா என்ன.

மாத்திரையும், தொட்டு சொல்லிக்குடுக்குறதும்

நீங்க எழுதுன அந்த மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பைக் குறைக்கும், நடுக்கம் கொறையும், அதனாலயே கோல்ஃப், வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் மாதிரி ஆட்டங்கள்ல உலக ஊக்கமருந்து தடுப்பு லிஸ்ட்ல அதைத் தடை பண்ணி வெச்சிருக்காங்க. ஓட்டப்பந்தயக்காரருக்குத் தடை இல்லாத மாத்திரை கோல்ஃப் ஆடுறவங்களுக்குத் தடை, அந்த அப்பாவுக்கு இது தெரியாமலே இருக்கலாம். உண்மையிலேயே வியாதிக்கு டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா முன்கூட்டியே விதிவிலக்கு வாங்க ஒரு முறை இருக்கு. சும்மா பக்கத்து மெடிக்கல்ல வாங்கிக் குடுக்குறாருன்னா தடைய விட பெரிய ஆபத்து, வீசிங் இருக்குற புள்ளைக்கு அது மூச்சையே அடைக்கும். 2022-ல வந்த தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டத்துல கோச்சும் உள்ள வர்றாரு, "எனக்குத் தெரியும், நான் குடுக்கல"ங்குறது அங்க நல்ல பதில் இல்ல. அப்பாவைத் தனியாக் கூப்பிட்டு சொல்லுங்க, அப்புறம் அதையே மெசேஜாவும் போட்டு வைங்க. நிறுத்தலன்னா அந்தப் பொண்ணை டோர்னமென்டுக்கு நான் கூட்டிட்டு வர மாட்டேன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. அதே அப்பா, ரவுண்டு நடக்கும்போது ஓரமா நின்னு எந்த கிளப் எடுக்கணும்னு சைகை காட்டுங்கன்னு கேட்டாராமே, அதுவும் கூடாது. ரவுண்டுல அட்வைஸ் கேடி கிட்ட மட்டும்தான் கேக்கலாம், உங்க கிட்ட கேட்டா அந்தப் பொண்ணுக்குதான் ரெண்டு ஸ்ட்ரோக் தண்டனை, அதாவது கணக்குல ரெண்டு அடி கூடிடும்.

போக்சோ பயம். 2012 சட்டத்துல தொடுறது குத்தமாகுறது பாலியல் நோக்கம் இருந்தாதான். நாலு பேர் பாக்க கிரிப் திருத்துனது குத்தம் இல்ல, நிம்மதியா தூங்குங்க. ஆனா கோச்சுங்குறவர் நம்பிக்கையான எடத்துல இருக்குறவர், அந்த எடத்துல இருந்து தப்பு பண்ணா சட்டம் இன்னும் கடுமையாப் பாக்கும், அதனால அந்த அம்மா மூஞ்ச சுளிச்சதுல எனக்குத் தப்பு தெரியல. தொடுறதுக்கு முன்னாடி புள்ளை கிட்டயே கேளுங்க, "வேணாம்"னு சொன்னா விட்டுடுங்க. உங்க கையில ஒரு கிளப்ப புடிச்சுக் காட்டலாம், தோள் சாயுதுன்னா குச்சிய வெச்சுக் காட்டலாம், இடுப்பைப் புடிச்சுத் திருப்புற பழைய பழக்கம் வேணவே வேணாம். மூடுன ரூம்ல தனியா வீடியோ போட்டுக் காட்டாதீங்க, பசங்களுக்கு நேரா மெசேஜ் பண்ணாதீங்க, பேரண்ட்ஸ் இருக்குற குரூப்புல போடுங்க. ஸ்விங் வீடியோவ இன்ஸ்டாவுல போடணும்னா பேரண்ட்ஸ் கிட்ட எழுத்துல வாங்குங்க.

இதுல உங்களுக்குத் தெரியாத பக்கம் ஒண்ணு இருக்கு. வேற ஒருத்தர் ஒரு புள்ளை கிட்ட தப்பா நடக்குறது உங்களுக்குத் தெரிய வந்தா போலீசுக்கு சொல்லியே ஆகணும், போக்சோ 19-வது பிரிவு. சொல்லாம விட்டா ஆறு மாசம் வரைக்கும் தண்டனை. ஓனர் கிட்ட சொல்லிட்டேன்ங்குறது போதாது. 1098-க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க.

நம்ம ஏரியாவுல கிளாஸ்

"கேடி பையன் கோச்னா யார் வருவாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர் 1991-ல இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டிய ஜெயிச்சாரு. பெங்களூர்ல கேடியா இருந்த முனியப்பா 2009-ல ஜெயிச்சாரு. கொல்கத்தாவுல புல் பராமரிக்கிறவரோட மகன் சௌராசியா 2016, 2017 ரெண்டு வருஷமும் ஜெயிச்சாரு. பந்து எப்படி உருளும்னு உங்க அப்பா தலைமுறைக்குத் தெரிஞ்சது மெம்பர் பாதி பேருக்குத் தெரியாது. அதனால இந்தக் கேள்விய இதோட விடுங்க.

கோல்ஃப் சொல்லிக்குடுக்க அரசாங்க லைசென்ஸ்னு ஒண்ணு இல்ல. நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா படிப்படியா சர்டிஃபிகேட் குடுக்குறாங்க, நீங்க முடிச்சது எந்தப் படியோ அதை மட்டும் போர்டுல போடுங்க. கூட ஒரு வார்த்தை சேத்தா அது தவறான விளம்பரம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு வாங்கித் தர்றேன்னு யார் கிட்டயும் சொல்லாதீங்க. அப்புறம், நான் காசுக்கு ஆடுறதில்லையே, அமெச்சூர் டோர்னமென்ட் போலாம்லன்னு கேட்டிருந்தீங்க. போக முடியாது தம்பி. கோல்ஃப்ல காசு வாங்கி சொல்லிக்குடுத்தாலே அமெச்சூர் அந்தஸ்து போயிடும். ஸ்கூல் வேலையில ஒரு பகுதியா, பாதி நேரத்துக்கும் கீழ சொல்லிக்குடுக்குற மாதிரி சில விலக்குதான் இருக்கு. தெரியாம பேர் குடுத்து ஜெயிச்சு, அப்புறம் கோப்பைய திருப்பிக் குடுக்குற நெலம வேணாம்.

எடம். மாநகராட்சி கிரவுண்டுன்னா தண்டையார்பேட்டை மண்டல ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்குங்க, கவுன்சிலர் வாயால சொன்னா போதாது. வாங்குனாலும் அங்க நிஜ பால் அடிக்காதீங்க, ஒரு பக்கம் ஃபுட்பால் பசங்க, இன்னொரு பக்கம் நடக்குற பெரியவங்க. ஃபோம் பால், பிளாஸ்டிக் பால் வெச்சு சிப்பிங் (கிட்டத்துலேருந்து மெதுவா தூக்கி அடிக்கிறது), பட்டிங் (குழிக்கு உருட்டி விடுறது) இதுலேருந்து ஆரம்பிக்கலாம். மொட்டை மாடியில நெட் கட்டுற ஐடியா எனக்குப் புடிக்கல. நெட்டு ஒரு நாள் கிழியும், கீழ தெருவுல ஆளு நடக்கும். பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (உங்களால மத்தவங்களுக்கு அடிபட்டா நஷ்டஈட்டுக்கு) எடுத்துட்டு முதல் கிளாஸ் எடுங்க, ஃபீஸுக்கு ரசீது குடுங்க, நடுவுல நின்னா எவ்ளோ திருப்பித் தருவீங்கன்னு அதுலயே எழுதிடுங்க. ஜிஎஸ்டி பத்தி இப்ப கவலை வேணாம், வருஷம் 20 லட்சம் தாண்டுனா பாத்துக்கலாம்.

கடைசியில ஒரு வரி கேட்டிருந்தீங்க, அந்தப் பையனைப் போய் பாக்கலாமா, ஓனர் கூடாதுங்குறாருன்னு. போங்க. எப்படி இருக்கான்னு கேக்குறது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, அதைத் தடுக்குற சட்டமும் இல்ல. அந்த அம்மா கோவமா பேசுனா கேட்டுக்கங்க, யார் தப்புன்னு அங்க விவாதம் வேணாம், பணம் பேசாதீங்க, எந்தப் பேப்பரும் வாங்கவும் வேணாம் குடுக்கவும் வேணாம். திரும்பி வந்த பிறகு ஓனருக்குக் குடுக்கப்போற சம்பவக் குறிப்பை எனக்கு ஒரு தடவை அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.